அரைப் புள்ளி

ஃபூஜி என்று பெயர் வைத்த பந்தயத் தளத்தில்
மூன்று நாளாக ஃபூஜி இல்லை.
"அதோ, அங்கே" என்று கிகுஎ கை நீட்டிய இடத்தில்
நனைந்த பஞ்சு மூட்டை.
அவள் இந்த ஊர்க்காரி, நம்பினோம்.

நான் எரிபொருள் ஊற்றுபவன். லியேஜிலிருந்து வந்தவன்.
தீப்பிடிக்காத உடுப்புக்குள் விடியலிலிருந்து புழுங்கி
ஆறு மணி நேரப் பந்தயத்தில்
ஒரு சொட்டும் ஊற்றவில்லை.

முதல் இடத்திலிருந்து கிளம்பினான் கோர்டெசொயா.
முந்நூறைத் தாண்டப் பிறந்த வண்டி
மாட்டு வாலைப் பிடித்து ஆற்றைக் கடப்பவன்போல்
பாதுகாப்புக் காரின் மஞ்சள் விளக்கைப் பிடித்துக்கொண்டு
எட்டுச் சுற்று போனது.
யாரும் யாரையும் முந்தக் கூடாது.
யாருக்கும் யாரும் தெரியவுமில்லை.
பிறகு செங்கொடி.

காத்திருந்தோம்.
டயர்கள் போர்வைக்குள் சூடாக இருந்தன, நாங்கள் இல்லை.
வாத்லே மூன்றாவது கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டார்.
நாற்பத்தேழு வயது, கடைசிப் பருவம்.
ல மான்ஸில் நள்ளிரவு தொடங்கி நாலு மணிவரை
உடைந்த முகப்பு விளக்கோடு ஓட்டியவர்.
எதிரே பார்வையாளர் மேடையில்
நீல மழைச்சட்டை போட்ட இரண்டு பேர்
எங்கள் எண் முப்பத்தொன்றை அட்டையில் எழுதித் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.
கிகுஎவின் அப்பாவும் அம்மாவும்.
நாங்கள் பார்த்தது அட்டையைக்கூட இல்லை,
மூடுபனியில் அசைந்த ஒரு நீலத்தை.
அவள் அதற்குக் கை அசைத்தாள்.

நாலே முக்காலுக்குப் பந்தயத்தை முடித்துவிட்டார்கள்.
பாதிப் புள்ளிதான் எல்லாருக்கும்.
இருபத்தைந்தில் பாதி பன்னிரண்டரை.
எங்களிடம் நூற்றுப் பன்னிரண்டு;
எதிரணியிடம் நூற்றுப் பதினெட்டு,
நாலாமிடத்துப் பன்னிரண்டில் பாதி ஆறு.
பொறியாளர் கையுறையின் மேலேயே கூட்டிப் பார்த்தார்.
அரைப் புள்ளி.
மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
அதற்கு ஒலிக்க அரை மாத்திரைதான் நேரம்.
அவ்வளவில் உலகப் பட்டம்.

கட்டிப்பிடித்தோம், கத்தினோம், யாரோ
ஷாம்பெயினுக்குப் பதில் சோயா சாஸ் பாட்டிலைக் குலுக்கினார்கள்.

ஆறு மணிக்கு ஒரு தாள் வந்தது.
வண்டியில் உட்காராதவருக்குப் புள்ளி கிடையாது.
விதி எண், உட்பிரிவு, மூன்று கையெழுத்து.
ஆக, சாம்பியன் ஒருவன்தான்:
இல்மரி கோர்டெசொயா.
மற்ற இருவரும் நூற்றுப் பன்னிரண்டிலேயே நின்றார்கள்,
மழை நின்ற பிறகு தாழ்வாரத்தில் நிற்பவர்கள்போல.

அவன் மறுத்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான்.
மறுக்கவில்லை.
ஒரு நிமிடம் தாளையே பார்த்தான்,
"எண்பதில் போனேன், முழுக்க எண்பதில்" என்றான்,
போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டான்.
பதினோரு வருடமாக ஓட்டுகிறான். நான் குறை சொல்ல மாட்டேன்.
வாத்லே முதலில் கை தட்டினார்,
பிறகு கிண்ணத்தை எங்கே வைத்தேன் என்று தேடினார்.

ஆறரைக்கு,
எல்லாம் முடிந்த பிறகு வரும் விருந்தாளியாக,
பனி விலகியது.
முகடு முழுக்க, கொஞ்சம் ஊதா.
யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை, பெட்டி கட்டும் அவசரம்.

வண்டியைப் பரிசோதனைக் கூடத்துக்குத் தள்ள வேண்டும்.
திருப்ப ஒருவர் உள்ளே உட்கார வேண்டும்.
கிகுஎ தலைக்கவசத்தை எடுத்தாள்.
"எதற்கு?" என்றேன்.
பதில் சொல்லாமல் மாட்டினாள், வாரைப் பூட்டினாள்,
ஐந்து முனையையும்.

நாங்கள் நாலு பேர் பின்னால் தள்ளினோம்.
இன்ஜின் செத்திருந்தது. ஈரத் தரையில் டயரின் ஒட்டல் சத்தம்.
வளைவில் அவள் கொஞ்சம் அகலமாகப் போய்
உள்விளிம்பைத் தொட்டுத் திருப்பினாள், ஒழுங்காக,
பந்தயத்தில் திருப்புவதுபோல.
மேடையில் இன்னும் போகாத ஒரு நீலம் எழுந்து நின்றது.

அறுபது மீட்டர் இருக்கும்.
கணக்கில் வராது.